ஆறு அடித்துக்கொண்டு எங்கே போகும்?

"ஆறுதானே அக்கா, மழை பெஞ்சா எல்லாம் அடிச்சிட்டுப் போயிடும்."

நேற்று காலையிலிருந்து இந்த ஒரு வரி காதுக்குள் கிடந்து குடைகிறது. ராத்திரி தூக்கமும் இல்லை. எழுதித் தொலைக்காவிட்டால் இன்றைக்கும் வராது.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊர் கோலா குபு பாருவில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் எடுக்கிறவர்களுக்கு நான் எந்தப் பாதையைச் சொல்கிறேன் என்று தெரியும். பாதிப் பேர் பிரேசர் மலை ரோட்டில் ஏறிவிடுவார்கள். நான் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து, தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயம் இருந்த மேட்டைத் தாண்டி, சிலாங்கூர் ஆற்றோர மண் பாதையில் இறங்கிவிடுவேன். காலை ஏழு மணிக்கு அங்கே மூங்கில் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும். கல்லில் தண்ணீர் மோதுகிற சத்தம் கூடவே வரும். இருவாய்ச்சி தலைக்கு மேல் பறந்தால் இறக்கைச் சத்தம் புஸ் புஸ்ஸென்று கீழே வரைக்கும் கேட்கும். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாளும் வேலைக்கு ஓடுகிறேன்.

நேற்று பாதி வழியில் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. டயரைக் கழற்றி உள்பக்கமாக விரலை மெதுவாக ஓட்டினேன். முள்ளாக இருக்கும் என்று நினைத்தேன். பச்சைக் கண்ணாடி. சுண்டுவிரல் நகம் அளவு, ஒரு முனை மட்டும் ரப்பருக்குள் இறங்கி நின்றது. பீர் போத்தலை யாரோ பாறையில் அடித்து உடைத்திருக்கிறார்கள், பாதை முழுக்கப் பச்சைத் தூள். அந்தத் துண்டை எடுக்காமல் புது டியூப் போட்டால் நூறு மீட்டரில் அதுவும் போய்விடும். கொண்டை ஊசியால் நெம்பி நெம்பி எடுத்தேன். உதிரி டியூப்பை மாட்டி, கைப்பம்பில் காற்று அடித்து அடித்துத் தோள் கழன்றுவிட்டது. அதற்குள் காலில் இரண்டு அட்டை.

சரி, போகட்டும் என்று ஏறினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, முன்சக்கரம். இந்த முறை சாத்தே குச்சி, இறைச்சி கோத்துச் சுடுகிற மூங்கில் குச்சி. கூர் முனை டயரின் பக்கவாட்டில் ஏறி, பாதி ஒடிந்து, குழம்புக் கறையோடு தொங்குகிறது. கையில் இருந்த ஒரே டியூப்பும் தீர்ந்துபோனது. ஒட்டுத்தான் போட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, அது காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. அப்படி நின்றபோதுதான் கீழே பார்த்தேன்.

இரண்டு டபிள்யூ நம்பர் கார், கோலாலம்பூர் வண்டிகள். பாய் விரித்து ஒரு குடும்பம். நம் ஆட்கள்தான். அடுப்புக் கரி, பொலிஸ்டிரின் டப்பா, கட்டுக் கட்டாகக் குச்சி, எல்லாம் மணலில். ஒரு தம்பி, முப்பது வயது இருக்கும், குழந்தையின் பேம்பர்ஸைச் சுருட்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பாறைக்கு நடுவில் காலால் அழுத்திச் சொருகினார்.

இறங்கிப் போனேன். "தம்பி, அதைப் பையில போட்டு எடுத்துட்டுப் போங்களேன்" என்றேன். கத்தவில்லை. கையில் இருந்த குச்சியையும் காட்டினேன். அப்போதுதான் அந்தப் பதில். சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கே தம்பி போகும்? நான் சொல்கிறேன். ராசா ஊரைத் தாண்டிப் போகும். பெஸ்தாரி ஜெயாவுக்குப் போகும். அங்கே தோட்டத்துப் பக்கம் என் அக்கா இருக்கிறாள். அந்தப் பக்கத்தில்தான் தண்ணீரை உறிஞ்சிச் சுத்திகரிக்கிறார்கள். கோலாலம்பூரும் சிலாங்கூரும் குடிக்கிற தண்ணீரில் பாதிக்கும் மேல் இந்த ஒரே ஆற்றினுடையது. நீங்கள் சொருகினீர்களே, அது ஊறுகிற தண்ணீர் சுற்றிக்கொண்டு உங்கள் வீட்டுப் பைப்புக்குத்தான் வரும், அந்தக் குழந்தைக்குப் பால் கலக்க. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம், இதே ஆற்றோடு வந்து சேருகிற சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றதே, வாளியைத் தூக்கிக்கொண்டு லாரி பின்னால் ஓடினோமே, அதற்குள் மறந்துவிட்டதா? தப்பித்தவறி இன்னும் கீழே போனால் கம்போங் குவாந்தான். பெரெம்பாங் மரத்தில் மின்மினி பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அந்த மரத்தின் வேரில் போய்ச் சிக்கும்.

ஆறு அடித்துக்கொண்டு போவது என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரியிடமா சொல்வது? 1883இல் அணை உடைந்து பழைய கோலா குபுவையே ஆறு வாரிக்கொண்டு போனது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் அம்பாங் பெச்சா என்றுதான் பெயர், உடைந்த அணை. அப்புறமும் வெள்ளமும் மண்ணும் விடாமல் வந்ததால்தான் ஊரை இடம் மாற்றிக் கட்டினார்கள். 'பாரு', மலாயில் புதியது, என்று சும்மாவா வைத்தார்கள்?

சோறும் எலும்பும் கிடந்தால் எலி வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் சிராய்ப்போடு இறங்கினால் காய்ச்சல் வந்து சிறுநீரகம் வரைக்கும் போகும். அங்கேதான் அவர்கள் பிள்ளைகள் முங்கி முங்கி விளையாடிக்கொண்டிருந்தன. இதையும் சொன்னேன். ஒரு பாட்டி மட்டும் நிமிர்ந்து பார்த்து, "விடு தாயி, எடுத்துப் போடச் சொல்றேன்" என்றார். தம்பி பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

என் அப்பா பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் பால் இறக்கிவிட்டு வந்து இந்த ஆற்றில்தான் குளிப்பார். சோப்பு உறையைக்கூட மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். அவருக்கு யாரும் அறிவிப்புப் பலகை நட்டு வைக்கவில்லை.

ஒட்டுப் பிடித்ததும் பாதையில் கிடந்த குச்சிகளைப் பொறுக்கினேன். அறுபத்து மூன்று. கண்ணாடியையும் தாளில் பொதிந்து, பையில் கட்டி, ஹேண்டில்பாரில் மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போட்டேன். தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. எங்கள் வரிசைக்குக் குப்பை லாரி வியாழக்கிழமையே வந்திருக்க வேண்டும். மூன்று முறை போன் போட்டாகிவிட்டது. "வரும் வரும்" என்கிறார்கள். மீன் செதில் நாற்றத்தில் ஜன்னல் திறக்க முடியவில்லை, பக்கத்து வீட்டு அம்மா என்னவோ நான்தான் லாரியை நிறுத்தி வைத்திருப்பதுபோல் முறைக்கிறார்.

இன்று காலை கதவைத் திறக்கிறேன். நாய் பையைக் கிழித்து, அறுபத்து மூன்று குச்சியும் வாசல் முழுக்க.