ஒரு குழந்தைப் பாட்டைக் கஞ்சா பாட்டாக்கும் மேதாவிகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் ஏழு வயது மகள், ஒரு மாதமாக உகுலேலே என்ற சின்ன நாலு தந்திக் கிதாரில் பழகிவந்த ‘பஃப் த மேஜிக் டிராகன்’ என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டை உறவினர்கள் முன்னால் பாடினாள். அவள் கடைசிச் சரணத்தைத் தொடுவதற்குள் எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் குறுக்கிட்டு, “இது கஞ்சா பாட்டாச்சே, தெரியாதா உனக்கு?” என்று என்னிடம் கேட்டார். பஃப் என்றால் இழுப்பு, சிறுவன் ஜாக்கி பேப்பர் என்றால் சுருட்டும் தாள், கடலோர மூடுபனி என்றால் புகை என்று குழந்தையை வைத்துக்கொண்டே பதவுரையும் சொல்லி முடித்தார். அன்றிரவு அவள் என்னிடம் கேட்டது, “கஞ்சான்னா என்னப்பா?”

கல்லூரி விடுதியில் தொடங்கி இன்றுவரை இந்த விளக்கத்தை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அவர்களில் ஒருவர்கூடப் பாட்டை முழுதாகக் கேட்டவராக இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். 1959இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த லியோனார்டு லிப்டன், அமெரிக்கக் கவிஞர் ஆக்டன் நாஷ் எழுதிய டிராகன் கவிதை ஒன்றின் தூண்டுதலில் எழுதிய வரிகள் இவை. பீட்டர் யாரோ (Yarrow) என்ற பாடகர் அதைப் பாட்டாக வளர்த்தார். அவருடைய பீட்டர், பால் அண்ட் மேரி குழு அதை 1963இல் வெளியிட்டது. போதைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதிய இருவரும் பல்லாண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எழுதியவர் சொல்லையே ஏற்காதவர்களுக்கு வேறு எந்தச் சான்றைக் காட்டுவது?

மறைபொருள் என்பதே கூடாதென்று நான் சொல்லவில்லை. உள்ளுறை என்று மறைபொருளுக்கே இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. சங்கப் பாட்டில் எருமை தாமரையை மேய்ந்தால், அந்த எருமை யார், தாமரை யார் என்று பாட்டின் மற்ற வரிகளே காட்டிக்கொடுக்கும். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். இங்கே அப்படியா? பஃப் என்ற டிராகனும் சிறுவன் ஜாக்கியும் விளையாட்டுத் தோழர்கள். ஒருநாள் இரவு சிறுவன் வரவில்லை. அவன் சாகவில்லை, சண்டை போடவில்லை, வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான். டிராகன் தலை கவிழ்கிறது, பச்சைச் செதில்கள் மழைபோல உதிர்கின்றன, விளையாடத் துணையின்றித் தன் குகைக்குள் போய்விடுகிறது. இதில் எந்த வரிக்குக் கஞ்சாவை வைத்துப் பொருள் சொல்வார்கள்? மூன்று சொற்களைப் பிய்த்தெடுத்துக்கொள்ளலாம் என்றால், மலைமேல் ஏறி மல்லிகைப்பூ கொண்டுவரும்படி நிலாவை அழைக்கும் நம் பாட்டைக்கூடக் கடத்தல் பாட்டு என்று நிறுவிவிடலாம்.

இது ஒருவர் இருவரின் நோயுமல்ல. 1963இல் கிங்ஸ்மென் குழு பாடிய ‘லூயி லூயி’ என்ற ராக் பாட்டில் ஆபாசம் ஒளிந்திருப்பதாகப் புகார் கிளம்பி, அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அந்த இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டு விசாரித்தது. சொற்களே புரியவில்லை என்றுதான் முடித்தது. காதலியைப் பிரிந்த கப்பல்காரன் ஒருவனின் ஏக்கம் அது என்பது, பாட்டை இயற்றிய ரிச்சர்ட் பெரி 1957இலேயே வெளியிட்ட இசைத்தட்டில் தெளிவாகக் கேட்கக் கிடைத்தது.

என் மகள் முன்பெல்லாம் பாட்டு முடிந்ததும், “ஜாக்கி ஏம்பா அப்புறம் வரவே இல்ல?” என்று கேட்பாள். அந்தப் பாட்டின் பொருள் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.