மலை வேண்டும், ரிசார்ட் வேண்டாம்

கணினி அறிவியல் மாநாடுகளை, குறிப்பாகப் பரவல் கணிமை சார்ந்தவற்றை, பெருநகரங்களை விட்டுத் தொலைவில் மலைப்பகுதி ரிசார்ட்டுகளில் நடத்தும் வழக்கம் பற்றி ஆய்வாளர்களிடையே அவ்வப்போது ஒரு சச்சரவு கிளம்புவதுண்டு. ஆய்வு நிதியில் உல்லாசப் பயணம் போகிறார்கள் என்பது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு. அப்படி ஒதுங்கியிருந்தால்தான் நல்ல பேச்சு நடக்கும் என்பது மறுதரப்பின் பதில். பல கணினிகளை வலையால் இணைத்து ஒரே வேலையைச் செய்யவைக்கும் இந்தத் துறையைக் கல்லூரியில் கற்பிப்பவன் என்ற முறையில், தனிமையையும் சொகுசையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதே இந்தச் சண்டை தீராததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். தனிமையால் இத்துறை பெற்றது மிக அதிகம். சொகுசால் பெற்றதாக எதுவும் என் கண்ணில் படவில்லை.

1967 அக்டோபர் தொடக்கத்தில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைகளின் நுழைவாயிலில் இருக்கும் கேட்லின்பர்க் என்ற சிறிய சுற்றுலா ஊரில், இயங்குதளக் கோட்பாடுகள் பற்றிய முதல் கருத்தரங்கை ஏசிஎம் என்ற கணினி வல்லுநர் சங்கம் நடத்தியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா முகமையில் இருந்த லாரி ராபர்ட்ஸ், தொலைவிலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் தம் திட்டத்தை அங்கே முன்வைத்தார். பின்னாளில் இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் ஆனது அந்தத் திட்டம்தான். அதே அரங்கில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வந்த ரோஜர் ஸ்கேன்டில்பரி, டொனால்ட் டேவிஸ் தலைமையிலான தங்கள் குழு வகுத்த வலையமைப்பை விளக்கினார். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாக அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் கோக்கும் முறை அது. அந்தத் துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ்.

இதே எண்ணம் அமெரிக்காவிலேயே முன்பே பிறந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் உயிர்பிழைக்கும் தொடர்பு வலையைப் பற்றி 1964இலேயே பல தொகுதிகளாக எழுதி வெளியிட்டிருந்தார். அவருடைய வேலையை ராபர்ட்ஸின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயரான ஸ்கேன்டில்பரி. அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த ஆய்வை அமெரிக்க அரசு அதிகாரிக்கு அறிமுகப்படுத்த, அட்லாண்டிக்கைத் தாண்டி ஒருவர் டென்னசி மலையடிவாரத்துக்கு வரவேண்டியிருந்தது! ராபர்ட்ஸ் யாரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பதில் பின்னாளில் சர்ச்சைகள் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நொடிக்கு 2,400 பிட் வேகக் கம்பிகளை எண்ணிப் போடப்பட்டிருந்த திட்டம், ஆர்பாநெட்டாகக் கட்டப்பட்டபோது 50,000 பிட் வேகத்துக்கு மாறியிருந்தது என்பதும், அந்த மாற்றத்தில் பிரிட்டிஷ் குழுவோடு நடந்த பேச்சுக்குப் பங்கிருந்தது என்பதும் வரலாற்றில் பதிவானவை. டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா, ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டும் இயங்குதளத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும், நினைவக மேலாண்மை பற்றிய பீட்டர் டென்னிங்கின் கட்டுரையும் அதே கூட்டத்தில்தான் அரங்கேறின.

கட்டுரைகளை அஞ்சலில் வாங்கிப் படித்திருந்தாலும் இதெல்லாம் நடந்திருக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். நடந்திருக்கலாம்; ஆனால் பாரனின் தொகுதிகள் அச்சாகி ஆண்டுகள் சில கடந்தும், அவை போய்ச் சேரவேண்டிய மேசைக்குப் போகவில்லையே. நகரத்தில் நடக்கும் மாநாட்டில் பேச்சு முடிந்ததும் ஆளாளுக்கு நண்பர் வீடு, கடைத்தெரு என்று கலைந்துவிடுகிறார்கள். தத்தம் அலுவலகம் பக்கத்தில் இருந்தால் அரை நாள் தலைகாட்டிவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. மலைமேல் மாட்டிக்கொண்டவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. ஒரே அரங்கு, எல்லாருக்கும் பொதுவான ஒரே அமர்வு, ஒரே சாப்பாட்டுக் கூடம் என்று அமையும்போது, காலையில் மேடையில் கேள்வி கேட்டு மடக்கியவரின் எதிரிலேயே இரவில் தட்டோடு உட்காரவேண்டி வருகிறது.

1995 டிசம்பரில் அதே இயங்குதளக் கருத்தரங்கு கொலராடோவின் காப்பர் மவுன்டன் பனிச்சறுக்கு ரிசார்ட்டில் கூடியது. அங்கே வந்த கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் 'பேயூ'. இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் மடிக்கணினிகளில் ஒரே தரவின் பல நகல்கள் இருந்தால், அவை மீண்டும் சந்திக்கும்போது எழும் முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது என்பதே அதன் கேள்வி. கூட்ட அறையை நான் பத்து மணிக்குப் பதிவு செய்கிறேன். இணைப்பில்லாத இன்னொருவரும் அதே நேரத்தைப் பதிவு செய்துவிடுகிறார். பேயூவில் ஒவ்வொரு பதிவும் ஒரு சோதனையையும், சோதனை தோற்றால் செய்யவேண்டிய மாற்று ஏற்பாட்டையும் தன்னோடு சுமந்து வரும்: 'பத்து மணி போய்விட்டால் பதினொன்று, அதுவும் இல்லையென்றால் மறுநாள்' என்பதுபோல. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் கணினிகளே தமக்குள் முடிவுக்கு வந்துவிடும். சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்தியநாராயணன், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தம் குழுவோடு உருவாக்கிய 'கோடா' கோப்பு முறைமை, மெலிந்த இணைப்பை எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் அதே கூட்டத்தில் சொன்னார்கள். இன்று ரயிலில் சிக்னல் இல்லாமல் குறிப்பேட்டுச் செயலியில் எழுதி, வீடு வந்ததும் அது தானாகச் சேர்ந்துகொள்வதைக் காணும்போது இவ்விரு கட்டுரைகளும் எனக்கு நினைவுக்கு வரும்.

2009 அக்டோபரில் மான்டனாவின் பிக் ஸ்கை ரிசார்ட்டில் நடந்த 22ஆவது கருத்தரங்கோடு ஒட்டி, 'லேடிஸ்' என்ற பெரும் பரவல் அமைப்புகளுக்கான பயிலரங்கும் நடைபெற்றது. முகநூலின் இன்பாக்ஸ் தேடலுக்காக எழுதப்பட்ட கசாண்ட்ரா தரவுத்தளத்தைப் பற்றிய கட்டுரை வந்தது அங்கேதான். கூகுளின் ஜெஃப் டீன் அங்கே ஆற்றிய உரையின் ஸ்லைடுகளை இன்றும் என் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். அவற்றில் ஒரு ஸ்லைடின்படி, புதிதாக அமைக்கப்பட்ட ஒரு சர்வர் தொகுதியின் முதல் ஆண்டில் ஏறத்தாழ 1,000 தனிக் கணினிகள் பழுதாகும். 40 முதல் 80 கணினிகள் கொண்ட ரேக்குகள் ஏறத்தாழ 20 முறை ஒட்டுமொத்தமாகக் காணாமல்போகும். ஹார்ட் டிஸ்க்குகள் ஆயிரக்கணக்கில் சாகும். தொலைதூரக் கேபிள்களுக்குக் காட்டு நாய்கள், சுறாக்கள், செத்த குதிரைகள், குடிபோதை வேட்டைக்காரர்கள் ஆகியோரால் ஆபத்து என்றும் அதே ஸ்லைடில் இருக்கிறது. பாடநூலில் 'ஒரு கணினி செயலிழந்தால்' என்று ஒருமையில் தொடங்கும் அத்தியாயத்தை அதற்குப் பிறகு சிரிக்காமல் படிக்கவே முடியாது. உலகெங்கும் உள்ள தரவு மையங்களில் பரவியிருக்கும் கூகுளின் ஸ்பேனர் தரவுத்தளத்தைக் கோடிகாட்டியதும் அந்த உரையில்தான். முழுக் கட்டுரை வெளிவர 2012 ஆயிற்று.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். பிக் ஸ்கை போன்ற இடத்துக்கு நம் ஊரிலிருந்து போக இரண்டு மூன்று விமானங்கள் மாறவேண்டும்; அதன் பிறகு மலைப்பாதையில் கார் பயணம். பனிச்சறுக்குக் காலம் தொடங்குமுன் ரிசார்ட்டுகள் காலியாகக் கிடப்பதால் அறைகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று அமைப்பாளர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த மலிவு அமெரிக்கச் சம்பளக்காரர்களின் மலிவு. பக்கத்தில் வேறு விடுதி இருக்காது என்பதால், நான்கு பேர் சேர்ந்து ஒரு மலிவான அறையை எடுத்துக்கொள்ளும் மாணவத் தந்திரமும் அங்கே செல்லாது. விசாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நல்ல மாநாடு ஒன்றில் கட்டுரை ஏற்கப்பட்ட என் மாணவி ஒருத்திக்கு நேர்காணல் தேதியே மாநாடு முடிந்த பிறகுதான் கிடைத்தது. கட்டுரையைச் சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் அவளுக்குப் பதிலாக மேடையில் பேசினார். அவள் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்தாள். உரை முழுவதும் கிடைத்தது, உண்மைதான். உரைக்குப் பிறகு நடந்தது எதுவும் கிடைக்கவில்லை. அவளுடைய வேலையை அக்கறையோடு கேட்டவர்கள் யார் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

இதற்கு விடை எல்லா மாநாடுகளையும் இணையத்துக்கு மாற்றுவது என்பதை நான் ஏற்கமாட்டேன். பெருந்தொற்றுக் காலத்தில் அதைச் செய்து பார்த்தாயிற்று. உரைகள் ஓடின, உரையாடல் நின்றது. தனிமையைச் சிக்கனமாகத் தருவது முடியாத காரியமும் அல்ல. ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில் நாட்டுப்புறத்தில் இருக்கும் டாக்ஸ்டூல் மையம் 1990 முதல் கணினி அறிவியலாளர்களை ஒரு வாரம் தங்கவைத்துப் பேசவிடுகிறது. அறைகள் எளியவை, சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்பதைப் பெயர் அட்டைகளைக் கலைத்துப் போட்டு முடிவு செய்கிறார்கள். 2019இல் இயங்குதள ஆய்வாளர்களின் 'ஹாட்ஓஎஸ்' பயிலரங்கு இத்தாலியில் பெர்டினோரோ என்ற குன்றூரில், பழைய கோட்டையில் இயங்கும் பல்கலைக்கழக விடுதி மையத்தில் நடந்தது.

நம்மிடமே 'ஐசிடிசிஎன்' இருக்கிறது. பரவல் கணிமைக்கும் வலையமைப்புக்குமான இந்தப் பன்னாட்டு மாநாடு பெரும்பாலும் இந்தியாவில், ஜனவரியில் நடக்கிறது. 2014இல் கோயம்புத்தூருக்கும் 2024இல் சென்னைக்கும் வந்தது. கோவை வரை வந்தவர்களை இன்னும் சில மணி நேரம் பேருந்தில் ஏற்றிக் கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ கொண்டுபோவது பெரிய செலவல்ல. ஜனவரியில் நீலகிரியில் சீசன் கூட்டமும் இருக்காது. நட்சத்திர விடுதி வேண்டாம். நூறு நூற்றைம்பது பேர் தங்கக்கூடிய பயிற்சி நிலையம் ஒன்றும், நல்ல சமையல்காரர் ஒருவரும், ஒரே ஒரு அரங்கும் போதும். இரவில் குளிரும், கம்பளி கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழிலேயே போட்டுவிடலாம். அடுத்த முறை அமைப்புக் குழுவில் இருக்கப்போகும் நண்பர்கள் இதைப் படித்தால், விடுதிகளிடம் விலை கேட்டு எழுதும் வேலையை நானே செய்து தருகிறேன்.