கண்ணை மெல்ல மூடச் சொல்லுங்கள்

தொழுநோய்க்கு மருந்து இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது, முழுசாகக் குணமாகும். ஒவ்வொரு ஜனவரி 30-ம் தேதியும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேனர் கட்டி இதைச் சொல்கிறோம், உறுதிமொழியும் எடுக்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அந்தப் பேனர்களில் உணர்ச்சியில்லாத தேமல் படம் இருக்கும், மடங்கிப்போன விரல் படம் இருக்கும். கண் படத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிற எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. கிருமி செத்த பிறகும் பார்வை போகிறது. மாத்திரை முடித்து, பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கி, "குணமானவர்" என்று ஆகிப் பல வருஷம் கழித்தும் போகிறது. பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது.

இந்தக் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும். மூக்கு, காது மடல், கை கால் விரல், கண்ணின் முன்பகுதி. ஆனால் கிருமி நேராகக் கண்ணுக்குள் போவதைவிட, இரண்டு நரம்புகளைக் கெடுப்பதால் வருகிற சேதம்தான் அதிகம். ஒன்று முக நரம்பு. அதன் கிளை கன்னத்து எலும்பு மேலாக ஓடி, இமையை மூடும் தசைக்குப் போகிறது. அது பழுதானால் இமை முழுசாக மூடாது, கீழ் இமை தொங்கிப்போகும். இன்னொன்று கருவிழிக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு. நமக்குக் கண்ணில் ஒரு தூசி விழுந்தால் என்ன ஆகும்? தண்ணியாகக் கொட்டும், கண் தானாக மூடிக்கொள்ளும், "ஊதி விடு, ஊதி விடு" என்று பக்கத்தில் இருப்பவரைப் பிடுங்குவோம். உணர்ச்சி போன கருவிழிக்கு இதெல்லாம் கிடையாது. காய்ந்துபோவதுகூடத் தெரியாததால் இமைப்பதே குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்துவிட்டால் ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் கண் பாதி திறந்தே கிடக்கும். முதலில் காய்கிறது, பிறகு புண்ணாகிறது, புண் ஆறினால் வெள்ளைத் தழும்பு விழுகிறது. ஊரில் அதற்குப் பெயர் "கண்ணுல பூ விழுந்துடுச்சு". வயசானால் வருவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு முகாமுக்கு வந்த பெரியவரைச் சொல்கிறேன். இரண்டு கையிலும் விரல்கள் மடங்கியிருந்தன. கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் இடது கருவிழியின் கீழ்ப்பக்கம் ஒரு உமித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் புண் ஆரம்பித்துவிட்டது, வெள்ளை விழி செவசெவ என்றிருக்கிறது. "உறுத்தலையா தாத்தா?" என்றேன். "இன்னா உறுத்தல்? ஒண்ணும் இல்லியே தம்பி. மங்கலாத்தான் கீது." நெற்களத்தில் நின்று வந்திருக்கிறார். எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அதே உமி என் கண்ணில் ஒட்டியிருந்தால் ஒரு வேளைச் சோறு இறங்கியிருக்காது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. கண்ணை மூடிக் காட்டச் சொல்லி இதற்கு முன்னால் யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். மாத்திரை முடித்த காலத்து அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். அதைத்தான் எடுத்துக் காட்டினார்.

மருத்துவப் பணியாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னத்திலோ கண்ணைச் சுற்றியோ தேமல் உள்ளவருக்கு, அது திடீரென்று சிவந்து தடித்தால், அது மருந்து ஒவ்வாமை இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு போடுகிற சண்டை அது. ரியாக்‌ஷன் என்போம். அந்தச் சண்டையில் முக நரம்பு அடிபடலாம். மாத்திரை சாப்பிடும்போதும் வரலாம், முடித்த பிறகும் வரலாம். இமை மூடாமல் போய் ஆறு மாதத்துக்குள் என்றால், டாக்டர் மேற்பார்வையில் பல வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் நரம்பு மீள நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்தக் காலம் தாண்டிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஆபரேஷன்தான். இமை ஓரங்களைக் கொஞ்சம் சேர்த்துத் தைப்பார்கள், அல்லது மெல்லுவதற்கு உதவும் பொட்டுத் தசையிலிருந்து ஒரு துண்டை இமைக்கு இழுத்து வைப்பார்கள். அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர் பல்லைக் கடித்தால் இமை மூடும். கண்ணை மூட ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்கப் பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரத்தில் மாத்திரை கிடைத்திருந்தால் பலருக்கு அந்த நிலை வந்திருக்காது.

கண் சிவந்தாலே மெட்ராஸ் ஐ என்று மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விடுகிற பழக்கத்தால் இவர்களுக்குப் பெரிய கேடு. கருமணியைச் சுற்றியுள்ள படலத்தில் வீக்கம் வந்தாலும் கண் சிவக்கும். பீளை வராது, வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். உடனே வேறு மருந்து வேண்டும். சிலருக்குச் சிவப்புகூட இல்லாமல் வருஷக்கணக்கில் அது உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். கருமணி சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை அளவுக்கு வந்துவிடும். அதோடு நடுவில் கொஞ்சம் புரையும் விழுந்தால் போதும், பொழுது சாய்ந்தால் வாசல்படி தெரியாது.

பார்வை போனவர்கள் கையால் உலகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சுவரைத் தடவி நடப்பார்கள், ரூபாய் நோட்டைத் தடவி அடையாளம் சொல்வார்கள், சோற்றைத் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். தொழுநோய் வந்தவருக்கு விரலில் அந்த உணர்ச்சி இல்லை. அடுப்புச் சட்டி கையைச் சுடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் கையை எடுக்கிறார். காலில் ஆணி குத்தியதையும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். அவருக்குக் கண்ணும் போய்விட்டால் என்ன மிச்சம்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் மார்கரெட் பிராண்ட் என்ற கண் டாக்டர் இந்தக் கண்களுக்காகவே உழைத்தார். அவர் கணவர் பால் பிராண்ட் மடங்கிய கைகளைச் சரிசெய்ததை உலகம் அறியும், மார்கரெட் அம்மாவின் பெயர் நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. 1966-ல் அவர்கள் அமெரிக்கா போய்விட்டார்கள். பிறகும் கரிகிரியில் கண் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. இந்தியா, பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா மூன்று நாட்டிலும் நோயாளிகளின் கண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வில் இந்தியப் பங்கு கரிகிரியுடையதுதான். இத்தனை அறிவும் வேலூருக்குப் பக்கத்திலேயே கிடக்கும்போது, கண்ணை மூடிக் காட்டச் சொல்லாமல் ஒருவரை நாம் அனுப்பிவைப்பதை எப்படி ஏற்பது?

2005 டிசம்பரில், தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டிவிட்டதாக நாடு அறிவித்தது. அது பெரிய சாதனை, உழைத்தவர்களுக்குக் கும்பிடு. இன்றும் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேரைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறோம், உலகத்தில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான். பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அந்தக் கணக்கு சிகிச்சையில் இருப்பவர்களை மட்டும் எண்ணுகிறது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை முடித்தவர் கணக்கை விட்டு வெளியே போய்விடுகிறார். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர் யார் என்று வரையறுக்கும்போது, கண்ணிலும் இமையிலும் உணர்ச்சி இழந்தவர்களை மறக்காமல் எழுதியிருக்கிறது. சட்டத்தில் இருக்கிற இமை நம் பதிவேட்டில் இல்லை.

இன்னொன்று, இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது. இவர்களுக்கும் வயசானால் எல்லோரையும் போலக் கண்புரை வரும். கண்ணில் வீக்கமில்லாத நேரம் பார்த்து, கண்ணீர்ப் பையில் சீழ் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு லென்ஸ் வைத்தால் நன்றாகப் பார்வை வரும். ஆனால் ஒரு முகாமில், கையைப் பார்த்ததும் "நீங்க கடைசியா வாங்க" என்று ஒரு அம்மாவை உட்கார வைத்ததை நேரில் பார்த்தேன். மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரப்பும் தன்மை போய்விடும். அந்த அம்மா மாத்திரை முடித்து எத்தனையோ வருஷம். வெள்ளைக் கோட்டு போட்டவர்களே ஒதுக்கினால் அவர்கள் எங்கே போவார்கள்?

உங்கள் வீட்டில், தெருவில், எப்போதோ இந்த நோய் வந்து குணமானவர் இருந்தால் தூங்குகிற மாதிரி மெல்ல மூடச் சொல்லுங்கள். இறுக்கி மூடினால் லேசான குறை தெரியாது. வெள்ளை விழி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், நோயின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் கண்ணாடியில் கண் சிவப்பைப் பார்ப்பது, வேலை செய்யும்போது அடிக்கடி நினைத்து இமைப்பது, வெயிலிலும் களத்திலும் கண்ணாடி போடுவது, ராத்திரி சுத்தமான துணியால் கண்ணை மறைத்துக் கட்டுவது, இவை அவர்கள் காலம் முழுக்கச் செய்ய வேண்டியவை. சொரசொரப்பான கையால் கண்ணைத் துடைக்கவே கூடாது. மடங்கிய விரலால் சொட்டு மருந்து விட முடியாது, வீட்டில் ஒருவர் விட்டுவிட வேண்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே மாத்திரை போகிறது. அதே பணியாளரிடம் அந்த ஊரில் தொழுநோய் சிகிச்சை முடித்தவர்களின் பட்டியலைக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இமை மூடுகிறதா, கண் சிவந்திருக்கிறதா, ஆறு மீட்டர் தள்ளி நின்று காட்டும் விரலை எண்ண முடிகிறதா என்று பார்த்து எழுதட்டும். ஒரு டார்ச் போதும், ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் ஆகும். குறை தெரிந்தவர்களை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கண் பிரிவில் முன்னுரிமை கொடுத்துப் பார்க்க உத்தரவு போடுங்கள்.