94 காட்டினால் வெப்பமானி பழுதா?

கேட்டலிஸ்ட் (புகையை எரிக்க உதவும் வினையூக்கி) உள்ள விறகு அடுப்புக்கு வாங்கிய டிஜிட்டல் புரோப் (வெப்பத்தை உணரும் கம்பி) வெப்பமானி, கொதிநீரில் 100 பாகை காட்டாவிட்டால் பழுது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். கொழும்பில் அந்தக் கணக்கு சரி. நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும் (பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான்). ஹட்டனில் 96க்குக் கிட்ட வரும்.

சந்தேகமென்றால் கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, புரோப் நுனியை நடுவில் வைத்துப் பாருங்கள். எந்த ஊரிலும் 0 தான் வர வேண்டும். அப்புறம் கொதிநீர், 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் 100இல் கழித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் விடுங்கள், கேட்டலிஸ்ட் வேலை தொடங்குவதே 260 பாகை அளவில்தான்.