ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு பஞ்சமம்

யூடியூபில் வீடியோவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மெனு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த நீளமான பதிவு. 0.5, 0.75, 1.25, 1.5, 2 என்று எண்கள் வரிசையாக இருக்கும். பாட வீடியோக்களைச் சீக்கிரம் பார்த்து முடிக்க 1.5-இல் வைப்பவர்கள் நிறையப் பேர். பிழைப்புக்கு வெப்சைட் கட்டுபவன் நான். மிச்ச நேரத்தில் பாட்டு கேட்பேன், வீடியோ பார்ப்பேன். இந்த மூன்றும் ஒன்றாக வந்து சேரும் இடம் எனக்கு இந்த மெனுதான்.

கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்பவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், 0.5-இன் அருமை தெரியும். வயலினில் தோடி ராகம் வாசிக்கிறார்கள். அதில் வரும் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், எங்கிருந்து கிளம்பி, எதைத் தொட்டு, எங்கே திரும்புகிறது என்பது சாதாரண வேகத்தில் காதில் நிற்காது. பாதி வேகத்தில் வைத்தால் அசைவு அசைவாகப் பிரிந்து கேட்கும். விரல் கம்பியில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதும் கண்ணில் தெரியும். முக்கியமான விஷயம், பக்கத்தில் போனில் தம்புரா ஓடிக்கொண்டிருந்தால் சுருதி அதோடு சேர்ந்தே இருக்கும். ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) வாசித்தது பாதி வேகத்திலும் ஐந்து கட்டையிலேயே கேட்கும்.

இது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் லேசான காரியம் இல்லை. டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதியும் சரியாக ஒரு ஸ்தாயி (ஒரு ‘ச’-விலிருந்து அடுத்த ‘ச’ வரையிலான தூரம்) கீழே போய்விடும். ஒலி என்பது அதிர்வு, அதை மெதுவாக்கினால் அதிர்வெண்ணும் குறையத்தான் செய்யும். பிரவுசர் என்ன செய்கிறது என்றால், ஒலியை மில்லிசெகண்ட் கணக்கில் குட்டிக் குட்டித் துண்டுகளாக வெட்டி, ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலை படியும்படி வைத்து நீட்டுகிறது. கண்டபடி ஒட்டுவதில்லை, அலையின் வடிவம் எங்கே பொருந்துகிறது என்று தேடிப் பார்த்து ஒட்டுகிறது. நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தில் ஒட்டுப்போட்டதே தெரியாது. மிருதங்கத்தில் தெரியும். 0.25-இல் வைத்துக் கேளுங்கள், ஒரே அடி இரட்டித்து விழுவதுபோல் இருக்கும். இவ்வளவு கணக்கையும் வீடியோ ஓடும்போதே, நாம் எதுவும் கேட்காமலே, பிரவுசர் போடுகிறது.

எனக்கு நிஜமாகவே புல்லரித்த இடம் இதற்கு அடுத்தது. இந்த வசதியை நிறுத்தவும் முடியும். வெப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் வீடியோ எலிமென்டில் பிரிசர்வ்ஸ்பிட்ச் (preservesPitch, சுருதியை மாறாமல் வைப்பது) என்று ஒரு பிராப்பர்ட்டி, அதாவது ஒரு அமைப்பு, இருக்கிறது. சும்மா விட்டால் ட்ரூ. லேப்டாப்பில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் (பிரவுசருக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் இடம்) அதை ஃபால்ஸ் ஆக்கினால் பழைய டேப் மாதிரி வேகத்தோடு சுருதியும் ஏறி இறங்கும். சட்ஜம் (‘ச’) மட்டும் நீளமாக ஒலிக்கும் ஒரு சுருதிப்பெட்டி வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை 2 ஆக்கினால் மேல் ஸ்தாயி சட்ஜம் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1.5 ஆக்கினால்? பஞ்சமம் (‘ப’). ஏனென்றால் பஞ்சமம் என்பதே சட்ஜத்தைப்போல் 3/2 பங்கு அதிர்வு. 1.25 என்பது 5/4, அது அந்தர காந்தாரம், ‘க’-வில் ஒரு வகை. 0.75-இல் கீழே மந்திர ஸ்தாயிப் பஞ்சமம். மெனுவில் 1.75 மட்டும் நம் கணக்குக்குள் வராது. ‘நி’-யில் ஒரு வகையான கைசிகி நிஷாதத்துக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கும்.

இந்த எண்களைப் போட்டவர்கள் சங்கீதத்தை நினைத்துப் போட்டிருக்க வாய்ப்பில்லை. காலும் அரையும் முக்காலுமாகப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இனிமையாகச் சேரும் ஸ்வரங்களும் அப்படிப்பட்ட சின்னச் சின்னப் பின்னங்களில்தான் இருக்கின்றன. அதே வீடியோவை பிரவுசரில் மூன்று தனித்தனி டேபில் (tab) திறந்து, ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றை 1.25, மூன்றாவதை 1.5 என்று வைத்து, மூன்றிலும் அந்தப் பிராப்பர்ட்டியை நிறுத்திவிட்டுச் சேர்த்துக் கேளுங்கள். ச, க, ப. ஒலி நடுங்கி அலையாமல் ஒட்டி நிற்கும். கீபோர்டில் அதே மூன்று கட்டைகளை அழுத்தினால் இவ்வளவு அமைதி வராது. அதில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்திருப்பதால் காந்தாரம் 1.25-க்குப் பதில் ஏறக்குறைய 1.26-இல் இருக்கும். எண்ணில் துளி வித்தியாசம், காதுக்கு நன்றாகவே தெரியும். (தம்புரா வீடியோவை வைத்து இதைச் செய்யாதீர்கள். அதில் பஞ்சமக் கம்பியும் சேர்ந்து ஒலிப்பதால், 1.5-இல் அந்தப் பஞ்சமம் மேல் ரிஷபமாகிக் குழப்பும்.)

வெப் கற்றுக்கொள்ள வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, வெப்சைட் கட்டப் பயன்படும் ரியாக்ட்டை எத்தனை மாதத்தில் படிக்கலாம் என்பதுதான். படியுங்கள், வேலைக்கு வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்குப் பிடித்த ஒன்றை, பாட்டோ கிரிக்கெட்டோ கோலமோ, பிரவுசருக்குள் கொண்டுவந்து விளையாடிப் பாருங்கள். பின்னங்கள் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் காதால் கேட்க வைத்ததில்லை. பழைய லேப்டாப்பும் ஒரு பிரவுசரும் இருந்தால் இன்று எந்த ஊரிலும் ஒரு பிள்ளை அதைக் கேட்கலாம்.

எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். காசு கட்டிச் சேர்ந்த ஒரு பாட்டு வகுப்பின் தளத்தில் வீடியோவுக்குச் சொந்தமாக ஒரு பிளேயர் செய்து வைத்திருந்தார்கள். பார்க்க அழகு. வேகத்தைக் குறைக்கப் பட்டன் இல்லை, ஆரோ கீ வேலை செய்யவில்லை, ரைட் கிளிக்கும் பூட்டு. டீச்சர் பாடும் பிடி, அதாவது ராகத்தின் ஒரு சின்னத் துணுக்கு, ஒரு விநாடியில் ஓடிவிடுகிறது. நான் கன்சோலைத் திறந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். அதே வகுப்பில் சேர்ந்திருக்கும், ஐம்பது வயதுக்கு மேல் ஆசையோடு பாட வந்த ஓர் அம்மா என்ன செய்வார்?

எச்.டி.எம்.எல்.லின் வீடியோ டேகில் (tag) கன்ட்ரோல்ஸ் (controls) என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும், ஓட்ட, நிறுத்த, தள்ளிப் பார்க்க, சத்தம் கூட்ட எல்லாவற்றையும் பிரவுசரே தந்துவிடும். கீபோர்டிலும் இயங்கும். குரோமில் மூன்று புள்ளி மெனுவுக்குள் வேகம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அது இருப்பதே ரைட் கிளிக் மெனுவில்தான். ஆக, ரைட் கிளிக்கைப் பூட்டுபவர்கள் திருடனைத் தடுக்கவில்லை, படிக்கிறவரின் வேகத்தைப் பிடுங்குகிறார்கள். சொந்தப் பிளேயர்தான் வேண்டும் என்று கிளையன்ட் கேட்டால் செய்து கொடுங்கள், நானும் செய்கிறேன். வேகமும் கீபோர்டும் சப்டைட்டிலும் இல்லாமல் மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு டெவலப்பர் கூடுதலாக ஒரு நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை அது.

பிரவுசரில் வீடியோ ஓட்ட அடோபியின் ஃபிளாஷ் என்ற தனி மென்பொருள் தேவைப்பட்ட காலத்தில் வீடியோ ஒரு மூடிய பெட்டிக்குள் இருந்தது. பக்கம் பார்க்கிற நமக்கு அதற்குள் கைவைக்க வழியில்லை. 2015 ஜனவரியில் யூடியூப் ஃபிளாஷுக்குப் பதில் எச்.டி.எம்.எல்.5 வீடியோவையே இயல்பானதாக வைத்தது, 2020 கடைசியில் ஃபிளாஷுக்கு அடோபியே விடை கொடுத்துவிட்டது. அதற்கெல்லாம் முன்பே, 1993 ஏப்ரல் 30 அன்று, வெப்பின் அடிப்படை மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று, வெப் பிறந்த இடமான செர்ன் ஆராய்ச்சிக்கூடம் அறிவித்திருந்தது. அப்படித் திறந்து கிடைத்ததை நாம் திரும்பவும் பூட்டுவது எனக்குச் சகிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மெனுவில்தான் கால் காலாக எண்கள், புரோகிராம் கோடில் (code) எந்த எண்ணையும் கொடுக்கலாம். 9/8 கொடுத்தால் சதுச்ருதி ரிஷபம், 4/3 சுத்த மத்யமம், 5/3 சதுச்ருதி தைவதம், 15/8 காகலி நிஷாதம். ஒரே சட்ஜத்தை வைத்துக்கொண்டு சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள் முழுவதும் வந்துவிடுகிறது. எட்டு பட்டன் வைத்து ஒரு சின்னப் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ரிஷபத்தை 16/15, தைவதத்தை 8/5 என்று மாற்றினால் அப்படியே மாயாமாளவகௌளை ராகம், அதில் ஆரம்பப் பாடமான சரளி வரிசையே வாசிக்கலாம். கோடு வேண்டுபவர்கள் கமென்டில் சொல்லுங்கள், முடித்ததும் போடுகிறேன்.