நைசியா சங்கம் இயேசுவைக் கடவுளாக்கியதா?

கி.பி. 325இல் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நைசியா நகரில் கூட்டிய ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவையான நைசியா சங்கத்தின் வாக்கெடுப்பில்தான் இயேசு கடவுளாக்கப்பட்டார், அதுவரை கிறிஸ்தவர்கள் அவரை வெறும் மனிதராகவே கருதினர் என்று பரவிவரும் கூற்று தவறானது. கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துத் துதி பாடுகிறார்கள் என்று, கிறிஸ்தவரல்லாத ரோமானிய ஆளுநர் பிளினி, சங்கத்துக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே பேரரசர் டிராஜனுக்கு எழுதியிருக்கிறார். நைசியாவில் எழுந்த சர்ச்சை வேறு. அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ்கூட இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. உலகுக்கு முன்பே இருந்தவர், ஆயினும் தந்தையால் படைக்கப்பட்டவர் என்றே வாதிட்டார். அதை மறுத்த சங்கம், மகன் (இயேசு) தந்தையோடு ஒரே பொருளானவர், அதாவது ஒரே இறை இயல்பு உடையவர் என்று அறிக்கையிட்டது. இறுதிவரை ஏற்க மறுத்த ஆயர்கள் இருவரே. பேரரசரின் தலையீடு இருந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரது விருப்பத்தால் சர்ச்சை முடிந்துவிடாமல், 381இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம்வரை நீடித்தது.