சாட்ஸ்வர்த் குடும்பக் குழுக்களில் சுற்றும் அந்தச் செய்தி

"அகதியாக வந்து இறங்கினாலே அரசாங்கம் இலவச வீடும் மாதப் பணமும் கொடுக்கிறது, நம்மவர்கள் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள்." தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் சுற்றும் இந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கு மூன்று குழுக்களிலிருந்து வந்துவிட்டது. இதை எழுதியவர் அகதி யாரிடமும் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அரசு ஏழைகளுக்குக் கட்டித்தரும் ஆர்.டி.பி. வீட்டுக்கு விண்ணப்பிக்க நாட்டின் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். அடைக்கலம் கேட்டு வந்தவருக்குக் கிடைப்பது தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் ஒரு தாள்தான். தென்னாப்பிரிக்காவில் அகதிகளை முகாமில் தங்கவைக்கும் வழக்கம் கிடையாது. வந்தவர் தானே அறை தேடி, வேலை தேடி வாழ வேண்டும். எங்கள் தெருவில் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் காங்கோக்காரப் பெண் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். காலாவதித் தேதி அவருக்கு மனப்பாடம்.

சரி, பணம்? 2020-ல் கொரோனா நேரத்தில் தொடங்கிய நிவாரணத் தொகை, 2024 முதல் மாதம் 370 ரேண்ட், அடைக்கலம் கேட்டவர்களுக்கும் உண்டு. நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அதுவும் கிடைத்தது. வருமானமில்லாத குடிமக்களுக்கும் அதே தொகைதான்.

உதவி பெரும்பாலும் ஊர்க்காரர்களிடமிருந்துதான் வருகிறது. டர்பன் நகர நடுவில், இமானுவேல் பேராலயத்தை ஒட்டிய டெனிஸ் ஹர்லி மையத்தில் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள், அகதிகளுக்கும் உதவுகிறார்கள். 2015-ல் வெளிநாட்டவர் மீது நடந்த வன்முறையில் விரட்டப்பட்டவர்கள் தங்கிய தற்காலிகக் கூடாரங்களில் ஒன்று நம் சாட்ஸ்வர்த்திலேயே இருந்தது. மறந்துவிட்டோமா என்ன?